ஆடி மாதத்து எழுத்து அட்டவணை

எதிர்வீட்டுப் பெண்ணை ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். இன்று காலையில் கிண்ணத்தில் பால்கோவா கொண்டுவந்தாள். அவள் குனிந்து கொடுத்தபோது புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் வாசனை வந்தது. அதற்குள் கையிலிருந்த போன் அடிக்க, "அவிய கூப்பிடுதாவ அத்தை, பொறவு வாரேன்" என்று ஓடிவிட்டாள். நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆடிக்காற்று தெருவில் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. நீங்கள் போன பிறகு வரும் இரண்டாவது ஆடி இது.

நமக்குக் கல்யாணமான வருஷம் எனக்கு உங்கள் மேல் கோபம்தான் இருந்தது. பம்பாயில் பிறந்து வளர்ந்த பையன், ராஜபாளையத்தில் மில்லில் கம்ப்யூட்டர் வேலை என்று அப்பா கோர்ட்டில் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்துப்போயிருந்தார். அவர் அங்கே குமாஸ்தா. அவருக்கு ஊர் மெச்ச வேண்டும். எனக்கு வாய்த்ததோ, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஆள். சரியான ஊமைக்கோட்டானைப் பிடித்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சோறு போட்டேன்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சாப்பிட்டு முடித்ததும் ஒரு நீளக் காகிதத்தைத் தரையில் விரித்தீர்கள். இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக, மடிப்பு மடிப்பாக விரிந்துகொண்டே போனது. அதில் எண்களும், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு தமிழ் எழுத்தும் இருந்தன. ஒன்றைத் தொட்டு, "இது என்ன எழுத்து?" என்றீர்கள். நமக்குள் இப்படி ஒரு விளையாட்டா என்று உள்ளுக்குள் குளிர்ந்து, "ஙப்போல் வளை" என்று சொல்லிச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்ததைத் தொட்டீர்கள். "இதுவும் இதுவும் ஒண்ணா, வேறயா?" ஒன்று ர, இன்னொன்று துணைக்கால். பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பெரிதாக எழுதியிருந்த பஸ்ஸை, கண்டக்டர் கூவும்வரை நீங்கள் ஏறாமல் பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"பேச வரும். படிக்க வராது" என்றீர்கள். "வேலைக்கு எடுக்கும்போது தமிழ் தெரியுமான்னு கேட்டாங்க, தெரியும்னேன். படிக்கத் தெரியுமான்னு அவங்க கேக்கலை." இந்தியும் மராத்தியும் இங்கிலீஷும் படித்த மனிதருக்குத் தமிழ் எழுத்து மட்டும் வெறும் கோடு. மில்லுக்குப் புது கம்ப்யூட்டர் மெஷின் வந்திருந்தது. தொழிலாளிகளின் பெயர்களெல்லாம் பழைய மெஷினில் தமிழில் இருந்தன. ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளுமாம். பழையதில் ஒரு எண்ணில் இருக்கும் ககரம் புதியதில் வேறு எண்ணில் இருக்கும். எந்த எண் எந்த எண்ணாக மாற வேண்டும் என்று வரிவரியாக எழுதி, கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால், பெயர்கள் எல்லாம் இங்கிருந்து அங்கே மாறிவிடும். ஆடிப்பூரத்து லீவுக்கு முன்னால் சம்பளச் சீட்டில் பெயர்கள் சரியாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால்? "மறுபடியும் பம்பாய்தான். உன்னை அங்க எப்படி வெச்சுக்கிறதுன்னு தெரியல" என்றீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

தப்பாக எழுதினால் அந்தக் கட்டளை திட்டாதா என்று கேட்டேன். "வரியைக் கோணலா எழுதினா திட்டும். ஒரு எழுத்துக்குப் பதிலா இன்னொரு எழுத்தை வெச்சா அதுக்கு எப்படித் தெரியும்? பேசாம வாங்கிக்கும்" என்றீர்கள். அதனால் பார்க்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண் நானாக இருந்தேன். நான் எழுத்தைச் சொல்ல, நீங்கள் எண்ணைச் சொல்ல, வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிச் சுவரோடு நகர்ந்து போகும். உங்கள் குரல் அவ்வளவு மெதுவானது என்று எண்களைக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நடுவில் தண்ணீர் கொண்டுவர எழுந்தால்கூட, வந்து அதே இடத்தில் உட்காரும்வரை பென்சிலை நகர்த்தமாட்டீர்கள்.

பாதி அட்டவணைகூட முடியவில்லை, ஆடி பிறந்துவிட்டது. சீர்வரிசையோடு வந்து என்னைப் பிறந்த வீட்டுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப்போய்விட்டார்கள். ஆடி முழுவதும் மாப்பிள்ளை மாமனார் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது.

இரண்டு நாள்கூடப் பொறுக்கவில்லை நீங்கள். சித்தியோடு சாயங்காலம் கோயிலுக்குப் போனால், கோபுரத்துக்குக் கீழே மில் சட்டையோடு நிற்கிறீர்கள். அந்தக் காகிதத்தை மடக்கிச் சட்டைக்குள் வைத்திருந்ததில் வயிறு புடைத்திருந்தது. பிராகாரத்து மூலையில் உட்கார்ந்து நாம் எழுத்துப் பார்க்க, சித்தி தூரத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரித்தாள். "ஏட்டி, பதினெட்டாம் பெருக்குக்கூட வரல, மாப்பிள்ளைக்கு அதுக்குள்ள இருப்புக் கொள்ளலையா? எம்புட்டு நீளக் கடுதாசிட்டி அது! வாசிச்சு முடிக்கதுக்குள்ள ஆவணி பொறந்துரும்." நான் மறுத்துச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் கம்ப்யூட்டர் மாப்பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று ஊர் சிரிக்கும். பொண்டாட்டி மேல் பைத்தியம் என்று சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். உங்களுக்குக் காதுவரை சிவந்துவிடும். ஆனாலும் மறுநாள் சாயங்காலமும் பஸ் ஏறி வந்து நிற்பீர்கள்.

அப்படி ஒரு கனவு மாதிரிதான் அந்த நாட்கள் போயின. மேளச் சத்தம், துளசி வாசனை, புறாக்களின் படபடப்பு, நடுவில் உங்கள் எண்கள். எழுத்து சொல்லிக்கொண்டே உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் காகிதத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

ஆடிப்பூரத்துக்கு முந்தின வாரம், பட்டப்பகலில் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம். மறுநாள் காலையில் மேனேஜர் பார்க்கப்போகிறார். வாசற்படியிலேயே அப்பா மறித்தார். "மாப்பிள்ளை, ஆடி முடியட்டும்னு சொல்லித்தான கூட்டிட்டு வந்தோம்? கோயில்ல வந்து நிக்கது போதாதுன்னு வீட்டுக்கே வாரீயளே. நான் தெருவுல தலை நிமிந்து நடக்க வேண்டாமா?" நீங்கள் காகிதத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றீர்கள். வாய் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று முகத்தில் எழுதியிருந்தது.

"அவியளத் திட்டாதீய. நாந்தான் வரச் சொன்னேன்" என்றேன். அப்பா திரும்பினார். அதற்கு மேல் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "அவியளப் பாக்காம என்னால இருக்க முடியலப்பா."

அப்பாவுக்கு அப்படி ஒரு பேச்சைப் பெண் வாயிலிருந்து கேட்டுப் பழக்கமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். நீங்கள் காகிதத்தை நீட்டினீர்கள். புது மெஷினில் மாறி வந்த பெயர்கள் வரிசையாக. முதல் வரியில் மில்லில் வேலை செய்யாத ஒருத்தியின் பெயர், என் பெயர். நான் நிமிர்ந்து பார்த்தேன். "தெரிஞ்ச பேர் ஒண்ணை வெச்சுப் பாக்கணும்ல" என்றீர்கள். பிறகு, உள்ளே நின்ற சித்திக்குக் கேட்காத குரலில், "இப்ப அப்பாகிட்டச் சொன்னியே, அது நெசமா?"

"ர வர வேண்டிய எடத்துலெல்லாம் துணைக்கால் நிக்குது. மொதல்ல போய் அதத் திருத்துங்க" என்றேன்.

நீங்கள் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள். பிறகு தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நடந்தீர்கள். சீட்டுகள் சரியாக வந்தன, வேலை நிலைத்தது, நாம் ராஜபாளையத்திலேயே பிள்ளைகளை வளர்த்தோம். பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்தே நீங்கள் தமிழ் படிக்கவும் கற்றுக்கொண்டீர்கள். கற்ற பிறகும் பேப்பரை என் பக்கம் தள்ளி, "நீ வாசி" என்பீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களிலும் அப்படித்தான். "அது நெசமா" என்ற அந்தக் கேள்வியை மட்டும் நீங்கள் மறுபடி கேட்கவே இல்லை. நானும், தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

நெசந்தாங்க. உங்களைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தேன். சொல்லி முடிக்கும்போது அது என் சொந்தப் பேச்சாக இருந்தது. இன்றைக்கும் அதே ஒரு வரிதான் என்னிடம் இருக்கிறது. சொல்ல அப்பா இல்லை, கேட்க நீங்கள் இல்லை. உங்களைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.