உன் தங்கச்சி காய்ச்சிய கூழ்

மச்சான்,

இன்று காலை மகள் குழந்தைக்குப் புது மா ரின் ஒன்றை, கடையில் வாங்கிய பால்மாத் தகரப்பேணியை, உடைத்தாள். மூடிக்குக் கீழே இருக்கும் வெள்ளித்தாளைக் கிழித்ததும் ஒரு மணம் வரும், பாலும் சீனியும் வறுத்த மாவும் கலந்த மணம். நான் முற்றத்தில் இருந்து வெங்காயத்தின் தாளை அறுத்துக்கொண்டிருந்தேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கத்தியை நிலத்தில் குத்திவிட்டு எழும்பினேன். நீ வந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் எழும்பினேன். பிறகுதான் நீ செத்துப்போனது நினைவுக்கு வந்தது.

ஆகவே சண்டையை இங்கே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சாமான் சுற்றி வரும் பத்திரிகைத் துண்டுகளை வாசித்து வாசித்துத்தான் எழுத்துப் பழகினேன். அதற்கும் நீ சிரிப்பாய். "உவர் பேப்பர்த் துண்டுப் பண்டிதர்" என்பாய். சிரி. ஆனால் முழுவதையும் கேள். உன்னிடமிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. உன் மகனை என் மனைவி கொல்லவில்லை என்ற வார்த்தை. அவள் உன்னோடு கூடப்பிறந்தவள். முப்பது வருடமாக நீ அதைச் சொல்லவில்லை.

போருக்குப் பயந்து ஊரே தென்மராட்சிப் பக்கம் நடந்த இடப்பெயர்வில், நம் இரண்டு குடும்பமும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பறையில் கிடந்தோம். நடுவில் ஒரு சேலைதான் சுவர். உனக்கும் கைக்குழந்தை, எனக்கும் கைக்குழந்தை. உன்னுடையது மகன், என்னுடையது மகள். பால் மட்டும் போதாத வயது இரண்டுக்கும். உன் மனைவிக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. உன் தங்கை என்ன செய்தாள்? ஒரு பக்கம் என் மகளையும் மறுபக்கம் உன் மகனையும் போட்டுப் பால் கொடுத்தாள். அதுவும் போதாமல் போனபோது, வீட்டிலிருந்து சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த குரக்கன் மாவை, கேழ்வரகு மாவை, கூழாகக் காய்ச்சி வாயில் தீத்தினாள். ஒரே சட்டி, ஒரே கரண்டி. பெற்றவளுக்கும் மாமிக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டும் வாயைத் திறந்தன.

உனக்கு அது பிடிக்கவில்லை. "கறுப்புக் களி. ரின் மா எண்டால்தான் பிள்ளை தேறும்" என்று நின்றாய். அந்த நாட்களில் ரின் எங்கே இருந்தது? மனிதனுக்குக் குளிக்கச் சவர்க்காரமே இல்லை. நீ தேடிப் போனாய். நீ போன அன்று உன் மகனுக்கு வயிற்றாலை போகத் தொடங்கியது. கண் குழிந்து, உச்சிக்குழி பள்ளம் விழுந்து, கடைசியில் அழுவதற்கும் குழந்தையிடம் தண்ணீர் இல்லை. நீ திரும்பி வந்தபோது கையில் ரின் இருந்தது. மணிக்கட்டில் மணிக்கூடு இல்லை. உன் மகன் பாயில் மூடிக் கிடந்தான்.

நீ அழவில்லை. அடுப்பில் கொதித்த கூழ்ச் சட்டியைப் பார்த்தாய். அந்த ரின்னாலேயே சட்டியை எறிந்து உடைத்தாய். கூழ் முழுவதும் உன் தங்கையின் காலில் கொட்டியது. அவள் கத்துவதற்குள் தலைமயிரைப் பிடித்து இழுத்தாய். "நீதானடி தீத்திக் கொன்றனி! உன்ரையை வைச்சுக்கொண்டு என்ரையைக் கொன்றனி!" என்றாய். நான் கொள்ளிக்கட்டையை எடுத்து உன் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்து இரத்தம் வழிந்தது. சனம் சேர்ந்து நம்மைப் பிரிக்கும்போது வெளியே செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார்கள்.

அந்த அடிக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. இப்போதும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் கூழ் காய்ச்சவே இல்லை. பனங்கிழங்கு ஒடியல் கூழ்கூட எங்கள் வீட்டில் காய்ச்சப்படவில்லை. காலில் வெந்த தோல் இறுகி, மழைக்காலத்தில் கடிக்கும். கேட்டால் "ஒண்டுமில்லை" என்பாள். உன் மூத்தவனுக்கு என் மகளைக் கேட்டு நீ வந்தபோது நான் கதவைச் சாத்தப் போனேன். அவள்தான் தடுத்தாள். "அண்ணை வாய் திறந்து கேக்கிறார். அது காணும்" என்றாள். அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. அவள் சாகக் கிடந்தபோதும் நீ வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவள் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ "மருந்து குடிச்சியோ?" என்று கேட்டுவிட்டுப் போனாய்.

இனிப் பேரன் கதைக்கு வருகிறேன்.

அவனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் கோயிலில் சோறு தீத்த நாள் குறித்தார்கள். முதல் சோறு தீத்துகிற கையின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம் குடும்பத்தில் ஒரு பேச்சு. அதனால் யார் கை என்பது ஒரு வழக்கு, எதைத் தீத்துவது என்பது இன்னொரு வழக்கு. நீ யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப் போய், ரின்களை அடுக்கிய பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தாய். நான் புத்தூர்த் தோட்டத்தில் விளைந்த குரக்கனைக் கழுவி, ஊறவிட்டு, துணியில் கட்டி முளைகட்டி, நிழலில் காயவைத்து, வறுத்துத் திரித்து, வேட்டித் துண்டால் மூன்று தரம் அரித்து வைத்திருந்தேன். உன் தங்கை செய்யும் முறை அது. அவள் செய்யும்போது பார்த்த கண் என்னுடையது.

ரின் நஞ்சு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பூதக்கண்ணாடியை வைத்து அதில் இருந்த சின்ன எழுத்தை வாசித்தேன். சீனி என்று எழுதியிருந்தது. "சீனி போட்டிருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நீ அடுப்படிக்குள் வந்தாய். "உதென்ன சட்டியிலை?"

"குரக்கன்."

"என்ரை பேரனுக்கு உந்தக் களியைத் தீத்தப்போறியோ? ஒரு பிள்ளையைத் திண்டது உங்களுக்குக் காணாதே?"

உங்களுக்கு என்றாய். செத்தவளையும் சேர்த்துத்தான் சொன்னாய். அவளுடைய படம் சுவரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக நான் நாக்குக்குக் கீழே வைத்திருந்ததை அன்றுதான் துப்பினேன்.

"மச்சான், அண்டைக்கு நீ ரின்னோடை நேரத்துக்கு வந்திருந்தால் அதை எதிலை கரைச்சிருப்பாய்?"

நீ கையில் இருந்த ரின்னை இறுக்கிப் பிடித்தாய்.

"சொல்லு. மழைவெள்ளம் முழுக்க உள்ளுக்கு வந்த பள்ளிக்கூடக் கிணறு. கக்கூசுக்குப் பக்கத்திலை. உன்ரை தங்கச்சி கூழைக் கொதிக்கக் காய்ச்சினவள். நீ ரின்னைப் பச்சைத்தண்ணியிலை அடிச்சுக் குடுத்திருப்பாய். பெடியன் குடிச்ச தண்ணியும் அந்தக் கிணத்துத் தண்ணிதான். கொன்றது தண்ணி. கூழில்லை. உன்ரை ரின்னும் காப்பாத்தியிராது."

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு பலர் சொன்னார்கள். ஏன் கூடாது? உண்மை.

உன் கையில் இருந்த ரின் என் வாயில் வந்து விழுந்தது. முன்பல்லு ஒன்று நாக்கில் வந்து நின்றது. அதை நிலத்தில் துப்பிவிட்டு உன் சால்வையை இரண்டு கையாலும் பிடித்துக் கழுத்தோடு முறுக்கினேன். நீ என் வயிற்றில் முழங்காலால் குத்தினாய். இரண்டு பேரும் அடுப்புக்கு மேல் விழுந்தோம். கூழ்ச் சட்டி ஒரு பக்கம், ரின் மா ஒரு பக்கம். உன் முகம் மாவில் வெள்ளையாய், என் முகம் இரத்தத்தில். எழுபது தாண்டிய இரண்டு பேர். உன் கண் பிதுங்கும் வரை நான் முறுக்கியதை விடவில்லை. நீயும் என் காதைப் பிடித்த பிடியை விடவில்லை.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணை, சம்பந்திமாற்றை மல்யுத்தமே? ரிக்கற் போடுங்கோ, இருந்து பாக்கக் கதிரை கொண்டு வாறன்!"

பேரன் அலறினான். மகள் முற்றம் கூட்டும் தும்புத்தடியோடு வந்தாள். முதல் அடி உன் முதுகில், இரண்டாவது என் முதுகில். மாமன் என்றும் பார்க்கவில்லை, தகப்பன் என்றும் பார்க்கவில்லை.

"எழும்புங்கோ ரெண்டு பேரும்! பிள்ளைக்குப் பசிக்குது. உங்களுக்கு வழக்குத் தீர்க்கவேணும்!"

"பிள்ளை, நான் சொல்றது என்னவெண்டால்..." என்று நீ தொடங்கினாய்.

"நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம் மாமா. அப்பா, நீங்களும் வாயைக் கழுவிக்கொண்டு வெளியாலை போங்கோ. மிட்வைஃப் ரெண்டுக்கும் ஓம் எண்டுதான் சொன்னவ. கையைக் கழுவு, தண்ணியைக் கொதிக்க வை, தண்ணியாய்க் குடாதை, தடிப்பாய்க் குடு. அவ்வளவுதான். வீட்டிலை நிக்கிற நாள் குரக்கனும் பருப்பும் முட்டைக்கருவும் குடுப்பன். பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போற நாள் ரின் கரைப்பன். சோறு தீத்துறது என்ரை கை. உங்கடை கை ரெண்டும் அடிபடுறதுக்குத்தான் சரி."

அப்படியே செய்தாள். கோயிலில் நாம் இருவரும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து நின்றோம், நான் வீங்கிய வாயோடு, நீ வரி விழுந்த கழுத்தோடு. அவள் தீத்தினாள். அவன் தின்றான். நாம் முகம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் நீ சைக்கிளில் வந்து பேரனைத் தூக்கிவிட்டுப் போவாய். அந்த நேரம் நான் தோட்டத்தில் நிற்பேன்.

ஒரு நாள் தண்ணீர் இறைக்கும் மோட்டர் பழுதாகி நேரத்தோடு வந்துவிட்டேன். மகள் பள்ளிக்கூடத்தில். நீ அடுப்படியில் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய். நான் வாசலில் நின்றேன். கேத்தலில் தண்ணீர் கொதித்தது. நீ இறக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தாய், மூடினாய். அது மூடியைத் தள்ளிக்கொண்டு கொதித்தது. அப்போதும் நீ இறக்கவில்லை. பேரன் பசியில் உன் மார்பில் அடித்தான். "பொறடா, பொறு. இன்னும் கொதிக்கட்டும்" என்றாய். கேத்தலில் பாதி ஆவியாய்ப் போகும் வரை நீ அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ திரும்பி என்னைக் கண்டாய்.

"என்ன பாக்கிறாய்?"

"தண்ணி வத்திப்போச்சு, மச்சான்."

"வத்தட்டும்."

அவ்வளவுதான் நாம் கடைசியாகக் கதைத்தது. நீ என்னை நம்பிவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது என்று உனக்கும் தெரிந்தது. கையை நீட்டினால் தொடும் தூரத்தில் சுவரில் அவளுடைய படம் இருந்தது. நீ திரும்பி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னிடம் வேண்டாம். அவளிடம். என்னை நாய் என்று பேசவும், அவளைக் கொலைகாரி என்று பேசவும் உனக்கு வாய் இருந்தது. அதற்கு மட்டும் இருக்கவில்லை. ரின்னைக் கரைத்தாய், தீத்தினாய், கரண்டியைக் கழுவி வைத்தாய், சைக்கிளை எடுத்தாய்.

அடுத்த கிழமை நீ உன் வீட்டுக் கிணற்றடியில் விழுந்து கிடந்தாய். நெஞ்சு வலியாம். தூக்கிக்கொண்டு போகமுன்னமே முடிந்துவிட்டதாம்.

செத்தவீட்டில் வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். நான் அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தேன். உன் வாய் மூடியிருந்தது. தாடையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் தூவிவிட்டுப் போன அரிசி உன் கன்னத்தால் வழிந்து கிடந்தது. நான் தூவவில்லை. உதட்டில் வைத்து அழுத்தினேன். "சொல்லடா" என்றேன். இன்னும் அழுத்தினேன். அரிசி உள்ளே போகவில்லை. உன் பல்லு என் விரலில் தட்டியது. "சொல்லடா, சொல்லிப்போட்டுப் போ."

உன் மகன் என் தோளைப் பிடித்து இழுத்தான். "மாமா, விடுங்கோ. காணும், விடுங்கோ." பின்னால் நின்றவர்கள், "பாவம், மச்சானிலை எவ்வளவு உயிர்" என்று அழுதார்கள். நான் அவர்களைத் திருத்தவில்லை.

உன் உதட்டின் குளிர் இந்த விரல் நுனிகளில் இருந்து இன்னும் போகவில்லை. உன்னை நான் மன்னிக்கவும் இல்லை. மகள் இப்போது என்னைத் தீத்த விடுகிறாள். குரக்கன் நாளில் குரக்கன், ரின் நாளில் ரின். கையைக் கழுவிக்கொண்டு, அதே விரல்களால் உன் பேரனுக்கு எடுத்து நீட்டுகிறேன். நான் எதுவும் கேட்க முன்னமே அவன் வாயைத் திறக்கிறான்.