செண்ட் என்றால்

அன்புள்ள உங்களுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் உங்கள் பெட்டியைத் திறந்து கோட்டில் முகம் புதைத்தேன். கார்பாலிக் சோப்பும் சுருட்டும் கலந்த அந்த வாசனை இல்லை. பாச்சை உருண்டை நெடிதான் இருந்தது.

பர்மாவிலிருந்து உங்கள் கடிதம் நின்று இரண்டு வருஷமாகிறது. ‘காணவில்லை’ என்பதற்கு மேல் ராணுவத்தார் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்கு வந்த உங்கள் அண்ணி, “டாக்டரு இனி எங்க கண்ணு வரப்போறாரு? அமாவாசைக்குக் காரியத்த முடிச்சிரலாம். துணியெல்லாம் வண்ணானுக்குக் குடுத்துரு, அதான் மொறை” என்றார்.

“வந்தா உடுத்த வேணுங்களே அக்கா” என்றேன். அவர் அழுதுவிட்டார்.

நான் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பில் இன்று செண்ட் என்ற சொல் வந்தது. “மாப்பிள்ளை பூசிக்கிட்டு வருவாரே, அதுங்களா டீச்சர்?” என்றாள் ராமக்காள். எல்லோரும் சிரித்தார்கள். அதுவும்தான், பூவின் மணமும்தான், ஒரு உயிர் நடந்துபோன தரையில் தங்கும் வாசனையும்தான், வேட்டை நாய் அதைப் பிடித்துக்கொண்டே போகும் என்றேன்.

“போயி ரொம்ப நாளானாலும் இருக்குங்களா?”

பதில் சொல்ல வாய் திறந்தபோது முதுகுக்குப் பின்னால் உங்கள் சுருட்டு வாசனை வந்தது. திரும்பினேன். கரும்பலகை மட்டும் இருந்தது. பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

பர்மாவிலிருந்து காயத்தோடு திரும்பியவர்கள் பெங்களூர் ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களாம். நான் இல்லாமல் காரியம் நடக்காது. அமாவாசைக்கு முந்தின நாளே மொரப்பூரில் ரயிலேறி, அங்கே கட்டில் கட்டிலாக உங்களைப் பற்றி விசாரிக்கப் போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

என்றும் உங்கள்
மனைவி