நீட்டிய கைகள்

என் அத்தானுக்கு,

உங்கள் தங்குமிடத்தில் ஃபோன் இல்லாததால் இதைச் சிங்கப்பூர் வரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். லீவு கிடைக்காது என்று சொல்லாதீர்கள். படித்ததும் பஸ் ஏறுங்கள்.

நம் லோகன் வீட்டில் இருக்கிறான். சிம்பாங் அம்பாட்டில் அவனை விட்டிருக்கும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் இல்லத்திலிருந்து, அதை நடத்தும் ருக்குமணி அக்கா நேற்றுக் கூப்பிட்டார். "இன்ஸ்பெக்‌ஷன் வராங்க லா. லைசன்சுக்கு மேல ஆளு இருக்கு. உங்க மகன வீட்டுல வச்சிக்குங்க." சந்தோஷமாகத்தான் போய்க் கூட்டி வந்தேன். ஃபெர்ரியில் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

குளிப்பாட்டும்போது இரண்டு மணிக்கட்டிலும் தடிப்பு இருந்தது. சட்டைக் கை இறுக்கியிருக்கும் என்று எண்ணெய் தடவினேன்.

இன்று மதியம் சோறு ஊட்டும்போது அக்கா மறுபடி கூப்பிட்டார். "ஆபீசர் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. நாளைக்குக் கொண்டாந்து விட்டுடுங்க." தடிப்பைப் பற்றிக் கேட்காமல் "சரி அக்கா" என்றேன். வேறு எந்த இல்லமும் இவனைச் சேர்க்கவில்லையே. இன்னொரு நாள் நான் லீவு போட்டால் ஃபேக்டரி வேலையும் போய்விடும்.

சாப்பிட்டதும் தூங்கச் சொன்னேன். படுத்தவன் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டில் கம்பிப் பக்கம் நீட்டினான். நான் சும்மா நின்றதும், கொடியில் கிடந்த துண்டைக் கண்ணால் காட்டினான்.

ஆபீசர் பார்க்கவேண்டிய கைகளை நான்தானே ஃபெர்ரி ஏற்றிக் கொண்டு வந்துவிட்டேன்?

இன்னும் நீட்டிக்கொண்டே இருக்கிறான், அத்தான். கட்டாமல் தூங்கமாட்டான் போலிருக்கிறது.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் பிள்ளையின் அம்மா