அரசர் உப்புக்குப் போணி ஆகாத காரணம்

விளைச்சல் பெருகுக. வழித்துணை வாய்க்க.

ஐப்பசித் தேய்பிறையில், நல்ல பகற்பொழுதில், வாகைப்பேட்டைக் கடைவீதியின் செக்குக் கொட்டகையில் கூடியோர் இருந்த இருப்பாவது: செக்கின் தென்புறத்தில், மாடு அவிழ்த்த நுகத்தடியின்மேல் வீதித்தலைவர் செக்கார் அந்துவனார். அவருக்கு எதிரே, தமது இடத்திலிருந்தே கொண்டுவந்த முக்காலியின்மேல் உப்புப் பண்டகசாலை அதிகாரி இளநாகனார். எண்ணெய்க் குடங்களை ஒட்டிக் குயவர் எயினனார். அவருக்கு அடுத்து அப்பக்கடை பூதங்கண்ணி. அடுப்படியிலிருந்து அப்படியே எழுந்து வந்தமையால் முழங்கைவரை மாவு. வாசற்காலின் அருகே, கவிழ்த்த கூடையின்மேல் உப்புக்காரி கொற்றி. உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் வந்தாளில்லை. மற்றைக் கடைக்காரர் யாவரும் இடம் போதாமையால் வெளியே பந்தலில் நின்றனர். இவர்கள் முன்னிலையில் இவ்வோலை எழுதப்பட்டது.

மலைக்கும் கடலுக்கும் நடுவே மேழிநாட்டைத் தம் குடைநிழலில் வைத்துக் காப்பவரும், ஏரிகள் வெட்டி வேனிலை வென்றவரும், வழிப்போக்கன் பொதிக்கும் தனித்திருப்போர் கதவுக்கும் காவலானவருமாகிய வெண்குன்றத்துக் கோ நன்முடியார் திருமுன்னர், அவர்தம் குடிகளாகிய வாகைப்பேட்டைக் கடைவீதியார் பணிந்து விடுக்கும் விண்ணப்பம். தலைநகரும் அதன் வீதிகளும், அரண்மனையும் அதன் அடுக்களையும் நலமோடு இருக்க. இவ்விடத்தில் மழை உண்டு, மனநிம்மதி இல்லை.

மழைக்காலத்தில் குடிகளுக்கு உப்புத் தட்டுப்பாடு வரலாகாது என்று கோ அவர்கள் கருணைகூர்ந்து இவ்வீதியின் கீழைக்கோடியில் பண்டகசாலை திறந்தருளினார்கள். திறந்தது தொட்டு இன்று காலைவரை அங்கே ஒரு நாழி உப்பும் விலைபோகவில்லை. அதுபற்றி அதிகாரியார், வீதியார் கட்டுப்பாடு செய்துகொண்டு அரசர் உப்பை விலக்கினர் என்றும், அதற்கு முன்னின்றவள் உப்புக்காரி கொற்றி என்றும், திறந்த அன்றே அவள் விடியற்காலையில் தலைவிரிகோலமாய் வந்து வாசலில் வாய்பேசாது நின்று சாபமிட்டுப் போனாள் என்றும் திருமுன்னுக்கு எழுதினார். வருகிற அமாவாசைக்குள் உப்பு விலைபோகாவிடில் கடைவீதி கலைக்கப்படும், கொற்றி விலங்கிடப்பட்டுத் தலைநகர் சேர்க்கப்படுவாள் என்று மறுமொழி வந்து, முரசறைந்து படிக்கப்பட்டது. அன்றுமுதல் வீதியில் எவருக்கும் சோறு தொண்டையில் இறங்கவில்லை. குதிரைக் குளம்போசை கேட்டால் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவடைக்கிறார்கள். பூதங்கண்ணியின் கடையில் அப்பம் கருகுகிறது. கருகியது என்று குறைசொல்லவும் ஆளில்லை.

நடந்தது இன்னதென்று இன்றுதான் இருதிறத்தாருக்கும் விளங்கிற்று. பேசியது பேசியபடியே எழுதப்படுகிறது. செம்மைப்படுத்தினால் கொஞ்சம் பொய்யும் கூடவே ஏறிவிடும் என்று அந்துவனார் தடுத்தார்.

அதிகாரியார் கொற்றியை நோக்கி, "அன்று ஏன் வந்தாய்? வந்தவள் ஒரு சொல்லும் சொல்லாமல் ஏன் முறைத்துக்கொண்டு நின்றாய்?" என்று கேட்டார்.

"போணி பண்ண வந்தேன்" என்றாள் கொற்றி.

"அதை அன்றே சொல்வதற்கு என்ன?"

பந்தலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பயத்தில் இருப்பவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது; சட்டென்று நின்றும் போயிற்று. பூதங்கண்ணி, "நல்லாருக்கே கத! போணிக்குப் போறவ வாயத் தொறப்பாளா? சரக்கு மடியில விழுற வரைக்கும் பேசப்படாதுன்னு பால்குடிப் பிள்ளைக்கும் தெரியுமே, அய்யா" என்றாள்.

"எனக்குத் தெரியாது. தலைநகரில் அப்படி ஒரு வழக்கம் இல்லை."

"அப்போ தலைநகர்ல யாரு யாருக்குப் போணி பண்ணுவா?" என்றார் எயினனார், மெய்யாகவே அறிய விரும்பி.

வழக்கமாவது: இவ்வீதியில் புதிதாய் ஒரு கடை திறந்தால், அதே தொழிலைச் செய்யும் பழைய கடைக்காரரே தலைமுழுகி, ஈரம் உலருமுன் வந்து முதற்போணி செய்தல் வேண்டும். போட்டிக்காரன் கைபட்ட கடையை ஊர் நம்பும். அவன் கைபடாத கடையில் ஊர் வாங்காது. அம்முறைப்படியே கொற்றி ஈரக்கூந்தலோடு முறத்தில் நெல் ஏந்திப் போனாள். காவலர் ஈட்டியைக் குறுக்கே நீட்டினர். உள்ளிருந்து அதிகாரியார், உப்புக்காரிக்கு இங்கே என்ன வேலை, விரட்டுங்கள் என்றார். வாய்திறக்க வழியின்றி நின்றவள், நெல்லோடு திரும்பினாள். அரசர் நம்மை அண்டைக் கடைக்காரராகக் கொள்ள மனமில்லாமல் போணியை மறுத்துவிட்டார் என்று வீதியே வாடிற்றேயன்றி, அரசர் உப்பை விலக்குவோம் என்று எவரும் எவரோடும் பேசினாரில்லை. அதிகாரியாருக்கு வழக்கத்தை எடுத்துச் சொல்லவும் எவருக்கும் தோன்றவில்லை. வெயிலில் துணி காயும் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லையே.

இதைக் கேட்டதும் அதிகாரியாரின் முகம் தெளிந்தது. "இவ்வளவுதானா! இப்போதே வந்து ஒரு நாழி வாங்கு. விற்றுவிட்டது என்று நானே திருமுன்னுக்கு எழுதுகிறேன்" என்றார்.

கொற்றி எழவில்லை. காலடியில் இருந்த பிண்ணாக்குத் துண்டைப் பெருவிரலால் பொடித்துக்கொண்டிருந்தாள். அவள் மனம் அப்போது கடற்கரை வழியில் இருந்தது. அவள் கணவன் காரி, கழுதைகளின்மேல் உப்புப் பொதி ஏற்றிக்கொண்டு உப்பளத்திலிருந்து புறப்பட்டுவிட்டதாகச் சேதி வந்திருந்தது. அவன் ஊரில் இல்லாதபோதுதான் பண்டகசாலை திறந்தது. பொதி நனையாமல் காத்து, சேற்றில் கழுதையின் கால் பிசகாமல் பார்த்து அவன் வந்து சேரும்போது, ஊரார் எல்லோருடைய பானையிலும் அரசர் உப்பு நிறைந்திருந்தால் அந்தப் பொதியை எங்கே இறக்குவது? போணி செய்யாவிட்டால் விலங்கு, வீதியும் போகும். செய்தாலோ, தன் கடைக்குத் தன் கையாலேயே கதவு போட்டதாகும். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. எயினனார்தாம் அவளுக்காகப் பேசினார்.

"அய்யா, போணியில பாதிதான் உங்களுக்குத் தெரியும். மிச்சத்தையும் கேட்டுக்கிடுங்க. போணி வாங்குன கடக்காரர், பழைய கடைக்குச் சரக்கு வந்து எறங்குத அன்னைக்குத் தன் கதவச் சாத்திப்புடணும். அந்தச் சரக்கு பாதி வித்த பெறவுதான் தொறக்கணும். காரி கழுத வரும்லா? அன்னைக்கு உங்க கதவு சாத்துமா?"

"பண்டகசாலையின் கதவா?"

"போணி வாங்குத கதவு எதுவோ அது."

"அரசரின் கதவை ஒரு கழுதைப் பொதிக்காகச் சாத்துவதா?"

"உங்களுக்குத்தான் அது கழுத. அவளுக்குத் தேரு, யான எல்லாம் அதுதான், அய்யா."

பூதங்கண்ணி, "எனக்கும், அப்பக்கடை போட்டிருக்க என் நாத்தனாளுக்கும் பேச்சே கெடையாது. எம் மூஞ்சியில முழிச்சா மாவு புளிக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதவ அவ. ஆனா எங்கடைக்கு அரிசி வந்து எறங்குன அன்னைக்கு அவ அடுப்புப் பத்தவச்சதில்ல. நானுந்தான். அந்தக் கழுதையே சாத்துதா, அரசரு சாத்தமாட்டாராக்கும்?" என்றாள். அரசரையும் நாத்தனாரையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசலாகாது என்று அந்துவனார் கண்டித்தார். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கன்னத்தில் மாவு ஒட்டிற்று.

அதிகாரியார் தம்மையறியாமல் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அரசாணையின்றிக் கதவடைத்தால் தம் தலை போகும் என்றும், இது திருமுன்னில் முடிவாக வேண்டியது என்றும் சொன்னார். ஆகையால் அந்துவனார், அரசர் கதவடைக்க இசைந்தருளினால் கொற்றி போணி செய்வாள் என்று விண்ணப்பம் எழுதச் சொன்னார். எழுத்தாணி ஓடத் தொடங்கியது. அதிகாரியார் குறுக்கிட்டு, அரசருக்கு நிபந்தனை விதிக்கும் ஓலையில் தம் இலச்சினையை வைக்கமாட்டேன் என்றார். அவர் இலச்சினை இல்லாத ஓலையை அஞ்சற்குதிரை ஏற்றாது, அமாவாசையோ நெருங்குகிறது. எழுத்தாணி நின்றது.

பந்தலில் பேச்சு முற்றியது. "கொற்றியக்கா, நீ ஒருத்தி வாங்கிட்டா வீதியே பொழச்சிக்கிடும்" என்று ஒரு குரல். "அவ பொழப்புக்கு உன் கடையக் குடுப்பியாடே? வெத்தல வித்துட்டு வாய் மட்டும் செவந்து கெடக்கு" என்று மற்றொரு குரல். யார் பக்கம் நிற்பது என்று அந்துவனாருக்கே தெரியவில்லை. நுகத்தடியின்மேல் இப்படியும் அப்படியுமாக மாறி மாறி உட்கார்ந்தார்.

கொற்றி எழுந்தாள். கூடையை நிமிர்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டு, எவரையும் பாராமல் வெளியேறினாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவளை அழைத்துவரப் போன பூதங்கண்ணி, கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது, தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது என்று திரும்பி வந்து சொன்னாள். எயினனார் துள்ளி எழுந்து, "தல முழுகுதாடே!" என்றார்.

சற்றைக்கெல்லாம் ஈரக்கூந்தல் சொட்டச் சொட்ட, முறத்தில் நெல் ஏந்தி, கொற்றி வீதியின் நடுவே நடந்து வந்தாள். அந்துவனார் கூப்பிட்டார்; அவள் திரும்பவில்லை. யாரோ அழுதார்கள். பண்டகசாலை வாசலில் காவலர், முன்னர் இட்ட கட்டளை மாறாமையால், மறுபடியும் ஈட்டியைக் குறுக்கே நீட்டினர். அவள் பேசாமல் நின்றாள். தூறல் விழுந்து முறத்து நெல் நனையத் தொடங்கிற்று. அதிகாரியார் முக்காலியைத் தள்ளிவிட்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சேறுமாக ஓடி, "வழி விடுங்கள்! அவளை விடுங்கள்!" என்று கூவினார். பின்னர்த் தாமே நாழியை எடுத்து, சிந்தச் சிந்த அளந்தார். கொற்றி நெல்லைக் கொட்டினாள். மடியை ஏந்தி உப்பை வாங்கினாள். ஒரு கல்லை எடுத்து நாவில் வைத்துப் பார்த்தாள். ஊர் முழுவதும் அவள் வாயையே பார்த்திருந்தது.

"நல்ல உப்புதான்" என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. கலப்படம் என்றோ கசக்கிறது என்றோ ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் கடை பிழைத்திருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை என்பதை ஊரார் இங்கே எழுதிவைக்க விரும்புகிறார்கள். போணியானதும் வீதியார் வழக்கப்படி ஆளுக்கொரு நாழி வாங்கினார்கள். வாங்கினவர்கள் கொற்றியின் முகத்தைப் பார்க்கக் கூசி, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போனார்கள்.

கொட்டகைக்குத் திரும்பியபின் அந்துவனார் அவளிடம், "அவசரப்பட்டுட்டியே தாயி. கைல இருந்த ஒரே பிடியையும் விட்டுட்டியே. இனி எதச் சொல்லி அரசரக் கேக்க?" என்றார்.

"கேக்கவே வேண்டாம், அண்ணாச்சி. நீ கதவச் சாத்துனா நான் வாங்குதேன்னு சொன்னா அது பேரம். போணிக்குப் பேரம் பேசுத பழக்கம் எங்க வீட்டுல கெடையாது. எழுதுனத அடிச்சிட்டு, நடந்தத எழுதச் சொல்லுங்க."

"சாத்தாமப் போயிட்டா?"

அவள் கூந்தலைப் பிழிந்தாள். "அவுக வந்தா என்ன சொல்லப்போறேன்னுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவுக என்றது கணவன் காரியை.

அவள் சொற்படி நிபந்தனை வாசகம் அடிக்கப்பட்டது. ஆகவே இவ்விண்ணப்பத்தில் வீதியார் கேட்டுக்கொள்வது ஒன்றே: போணி ஆகிவிட்டபடியாலும், விலக்கும் சாபமும் நிகழ்ந்தவை அல்ல என்று அதிகாரியார் தாமே ஒப்பி இலச்சினை வைத்தபடியாலும், கடைவீதியைக் கலைக்கவும் கொற்றிக்கு விலங்கிடவும் பிறந்த ஆணையை மீட்டருள வேண்டும். கதவைப் பற்றி வீதியார் ஒன்றும் கேட்கவில்லை. தெரிவிக்க மட்டும் செய்கிறார்கள்: கோ அவர்கள் இன்றுமுதல் இவ்வீதியில் கொற்றியின் அண்டைக் கடைக்காரர். காரியின் பொதிகள் நனையாதிருந்தால் அமாவாசைக்கு முன்னே ஊர் எல்லையை அடையும். கழுதைகள் அவள் வாசலை அடையப் பண்டகசாலையைக் கடந்துதான் போக வேண்டும். அப்போது வீதியார் தத்தம் கடைவாசலில் நின்றிருப்பார்கள்.

வீதியார் சார்பில் செக்கார் அந்துவனார் கைநாட்டு. உப்புப் பண்டகசாலை அதிகாரி இளநாகனார் இலச்சினை. அவசரத்தில் வைத்தமையால் சற்றுச் சாய்ந்திருக்கிறது, ஐயுற வேண்டா. இவ்வோலையை வழியில் எவரும் நிறுத்தாதிருக்க. சுங்கச்சாவடியார் இரவிலும் கதவு திறந்து விடுக. கொண்டுசெல்வோன் திருமுன்னில் மறுமொழி பெறாமல் திரும்பாதொழிக. ஓலை சுருட்டப்பட்டு, நூலிட்டுக் கட்டப்பட்டு, மண்ணிலச்சினை காயுமுன்னே குதிரைமேல் ஏற்றப்படுகிறது. மழை வலுக்கிறது.