சிரிக்கிறவன் பிழைத்துக்கொள்வான்

இன்றைக்குக் காலையில் பருத்திப்பால் அடிப்பிடித்துவிட்டது, அண்ணே. துடுப்பைக் கையில் பிடித்தபடியே நின்றவன், கிண்ட மறந்துபோனேன். சுக்கும் ஏலக்காயும் மணக்க வேண்டிய இடத்தில் கருகல் நெடி எழுந்ததும், என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "மேஸ்திரி வந்துட்டாரா?" என்று குரல் கொடுத்தாள். கேலிதான். அடிப்பிடித்த பாலை முகம் சுளிக்காமல் குடித்த மனுஷன் இந்த மதுரையில் நீங்கள் ஒருவர்தான் என்பது எங்கள் வீட்டுப் பழைய பேச்சு. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கோச்சடையில் உங்கள் கருமாதிச் சோறு தின்று இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளியே வந்து அண்டாவை அவளே இறக்கி வைத்தாள்.

நான் பேசுகிறவன், எழுதுகிறவன் இல்லை. மூன்றாம் வகுப்பு வாத்தியார் என் பலகையைப் பார்த்து, "இதை நீ எழுதுனியா, கோழி எழுதுச்சா?" என்றார். "கோழிதான் எழுதுச்சு அய்யா, நான் கூட நின்னேன்" என்று சொல்லி வாங்கிய அடியோடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் உங்களிடம் வாயால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இனி வாயால் சொல்ல வழியில்லை.

மில்லில் நீங்கள் மேஸ்திரி, உங்கள் கையின் கீழ் நாங்கள் எட்டுப் பேர் நூல் நூற்றோம். பஞ்சுத்தூசு புருவத்திலும் மீசையிலும் படிந்து, இருபது வயதுக்காரனும் கிழவனாகத் தெரிவான். "மாப்ள, ஒனக்கு இனிப் பொண்ணு பாக்க வேணாம், நேரா அறுவதாங் கல்யாணந்தான்" என்று நான் கத்துவேன். மிஷின் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்காது. கேட்காதவனும் சிரிப்பான். நீங்கள் மட்டும் சிரிக்க மாட்டீர்கள். என் வாயை அடைத்ததும் இல்லை.

அது நூல் விற்காமல் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்த வருஷம். ஒவ்வொரு மேஸ்திரியும் தன் ஆட்களில் ஒருவனை நிறுத்தியாக வேண்டும், யாரை என்பது அவரவர் இஷ்டம் என்று மில்லை நடத்திய வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்ட செய்தி, காலையிலேயே எங்கள் காதுக்கு வந்துவிட்டது. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கா சும்மா இருக்க முடியும்? "என்னய்யா, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீக? எவன் போனாலும் அவன் பங்கு ஊறுகா எனக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நீங்கள் வந்து என் தோளைத் தொட்டீர்கள்.

"நாளையிலருந்து வர வேணாம்."

"யாரு, நானா?"

"நீதான்."

"அப்ப ஊறுகா?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் திரும்பி நடந்துவிட்டீர்கள்.

அதன்பிறகு நான் ஏறாத வாசல் இல்லை. மற்ற மில்களிலும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். சிம்மக்கல்லில் மூட்டை தூக்கலாம் என்று போனால், தூக்குகிறவர்களே மூட்டைகள்போலச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் என் வீட்டுக்காரிதான் வழி சொன்னாள். பருத்திக்கொட்டையை ஊறப்போட்டு, ஆட்டிப் பால் பிழிந்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சுவதில் அவளுக்குக் கைப்பக்குவம் உண்டு.

"இம்புட்டு நாளு பஞ்சு சோறு போட்டுச்சு. இனிக் கொட்டை போடட்டும்" என்றாள்.

"எங்க வச்சு விக்க?"

"மில் கேட்டுக்கு எதுத்தாப்புல."

"வேற எடமே இல்லையா?"

"வேற எடத்துல ஒங்க மொகம் யாருக்குத் தெரியும்? அங்கன்னா கழுதைக்குக்கூடத் தெரியும்."

அவள் கேலி பேசக் கற்றது என்னிடம்தான். ஆனால் எனக்குத் துணிச்சல் வரவில்லை. மில் என்றால் சங்கு ஊதும், போவோம், வருவோம். நூல் விற்றதா இல்லையா என்பது துரையின் கவலை. சொந்தக் கடையில் அண்டாவில் மிஞ்சுவதெல்லாம் என் தலையில் விடியும். கையிலிருந்த கடைசிக் காசும் கொட்டையாகவும் கருப்பட்டியாகவும் மாறிவிட்டது. நாலைந்து நாள் விற்காவிட்டால் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்படிப் போனால் நான் எங்கே போவேன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் அடுப்பை மூட்டி அண்டாவை ஏற்றி நின்றோம். வேலைக்கு வருகிறவர்கள் எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். வேலை போனவன் பக்கத்தில் நின்றால் அந்தத் தரித்திரம் தொற்றிக்கொள்ளும் என்று பயம். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் ஒதுங்கியிருப்பேன்.

"கூவுங்களேன். என்ன, வாய்க்குள்ள கொழுக்கட்டையா?" என்று என் வீட்டுக்காரி பல்லைக் கடித்தாள். ஊரையே சிரிக்க வைத்த வாய்க்கு 'பருத்திப்பால்' என்ற ஒரு சொல் வரவில்லை. கையும் வேலை செய்யவில்லை. அண்டாவுக்குள் பால் அடிப்பிடித்துப் புகைந்தது. அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

"ஒரு டம்ளர் ஊத்து."

அடிவரைக்கும் குடித்தீர்கள். "தீஞ்சிருக்கு" என்றீர்கள்.

"ஆமாண்ணே."

"நின்னா தீயத்தான் செய்யும். கிண்டிக்கிட்டே இரு."

பிறகு, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த நம் ஆட்களைப் பார்த்து, "என்னடா வேடிக்கை? சங்கு ஊதப் போகுது, குடிச்சுட்டு வந்து சேருங்க" என்றீர்கள். மேஸ்திரி சொன்ன பிறகு யார் தட்டுவார்கள்? கருகின பாலை ஏழு பேரும் மருந்துபோலக் குடித்தார்கள். உங்கள் கைப் போணி நல்ல போணி, அண்ணே. அன்றைக்கு அண்டா காலியானது.

கடை நிலைத்ததும் என் வாயும் திரும்பி வந்தது. அதிகம் கடித்தது உங்களைத்தான். "வாங்க மேஸ்திரியண்ணே, இன்னைக்கு யாரு கழுத்து?" என்பேன். "இனிப்பு போதுமா, இல்ல அதையும் நிறுத்திருவமா?" என்பேன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் குடித்துவிட்டு, காசை வைத்துவிட்டு, போவீர்கள். மறுநாள் மறுபடியும் வருவீர்கள். இப்படியே வருஷங்கள் ஓடின.

நீங்கள் வேலையை விட்டு நின்ற பிறகு, திருப்பரங்குன்றத்தில் ஒரு கார்த்திகைக் கூட்டத்தில் சந்தித்தோம். நான் அண்டாவோடு வியாபாரத்துக்கு வந்திருந்தேன். விற்று முடிந்ததும் பொய்கைப் படியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தீர்கள். அத்தனை வருஷம் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"ஏண்ணே, எட்டுப் பேருல என்னைய ஏன்?"

நீங்கள் மீனைப் பார்த்தபடியே சொன்னீர்கள். "எவனைச் சொன்னாலும் ஒரு குடும்பம். எவன் தாங்குவான்னு பாத்தேன். நீ எந்நேரமும் சிரிச்சுக்கிட்டுக் கெடந்த. சிரிக்கிறவன் பொழச்சுக்குவான்னு ஒம் பேரைச் சொல்லிட்டேன். பொழச்சுக்கிட்டேல்ல?"

"பொழச்சுக்கிட்டேண்ணே. ஒங்க புண்ணியத்துல, பஞ்சுத்தூசு திங்காம பருத்திப்பால் குடிக்கிறேன்."

அன்றைக்குத்தான் நீங்கள் சிரித்தீர்கள். உங்களுக்கு முன்பல் இரண்டு இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரொம்ப நாள் சுமந்த பாரத்தை இறக்கி வைத்தவன் சிரிப்பு அது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

மிச்சம் இதுதான். கடை போட்டதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் வைகைக்குப் போனேன், அண்ணே. குளிப்பதற்கு இல்லை. போய்ப் பார்த்தால் ஆறு முழுக்க மணல். நடுவில் ஓர் ஓடை. அதில் ஒரு கழுதை நின்றது. தண்ணீர் அதன் முழங்காலுக்குக்கூட வரவில்லை. சாவதற்கும் மழை பெய்ய வேண்டும்போல என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மணலில் உட்கார்ந்தவன் அப்படியே அழுதேன். மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர், "என்னப்பு, தனியா உக்காந்து சிரிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கண்ணுக்கும் சிரிப்புதான் தெரிந்தது.

இதை உங்களிடம் சொல்லாமலே விட்டிருப்பேன். ஆனால் என் கடையிலும் இப்போது அதே நிலைமை வந்துவிட்டது. உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து கருப்பட்டி குதிரைக்கொம்பாகிவிட்டது. காய்ச்சுவது பாதியாகக் குறைந்துவிட்டது. கொட்டை ஆட்ட இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி மாயக்கா. வாய் திறக்க மாட்டாள், கண் எப்போதும் கலங்கியே இருக்கும். இன்னொருத்தி பேச்சி. "கருப்பட்டி இல்லாட்டி என்ன மொதலாளி, ஒங்க பேச்சைக் கரைச்சு ஊத்துவோம்" என்பாள். இருக்கிற வேலை ஒருத்திக்குத்தான் காணும். நேற்று மத்தியானம் என் வீட்டுக்காரி, "யாரை நிப்பாட்டப் போறீக?" என்று கேட்டாள்.

"பேச்சியைத்தான். அவ எப்புடியும் பொழச்சுக்குவா, சிரிச்ச மொகம்" என்றேன்.

வாய் என்னுடையது, அண்ணே. வார்த்தை உங்களுடையது.

இன்று தீய்ந்த பாலைக் கொட்டிவிட்டுப் போய், பேச்சியின் ஆட்டுரல் பக்கத்தில் நின்றேன். "தாயி, இந்த வேலை இல்லைன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"நீங்க வந்து ஆட்டுங்க மொதலாளி, நான் போயி யாவாரத்தைப் பாக்குறேன்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. அவள் இன்னொரு கேலி சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த கேலிக்கு வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். "நெசமாத்தான் கேக்குறீகளா?" என்றாள். அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை, அண்ணே. ஆனால் எனக்குத் தெரிந்த முகம்தான்.

இப்போதைக்கு இரண்டு பேரையும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். நாளையிலிருந்து ஒரு நாள் இவள், ஒரு நாள் அவள். அரைவயிறுதான். எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. கருப்பட்டி அடியோடு நின்றுவிட்டால் நானும் யாருடைய பேரையாவது சொல்லத்தான் வேண்டும். உங்களைவிட நான் நல்லவன் என்று காட்ட இதை எழுதவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. நீங்கள் கெடுதல் நினைத்து என்னைச் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்குத் தோளைத் தொட்டவர், என் கேலி தீர்ந்துபோகும் வரைக்கும் கொஞ்சம் நின்றிருக்கலாம், அண்ணே.