சாட்சிக்கு அழைத்துப் போனவர்

பால்டிமோரில் சமையல் வேலையில் இருக்கும் என் மனைவிக்கு,

நான் சுகம். நம் அடிமைத்தனம் ஒழிந்து விடுதலை வந்து ஒரு மாதம் ஆகிறது. அதுவும் சுகமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். நானும் நம் மகள் டார்க்கஸும் கிறிஸ்துமஸுக்கு அங்கே வருவதாக இருந்தோம். வர முடியாது.

பெற்றோர் இல்லாத கறுப்புப் பிள்ளைகளைப் பதினெட்டு வயதுவரை வெள்ளைக்காரரிடம் வேலை பழக ஒப்படைக்கிறது நீதிமன்றம். அந்தப் பட்டியலில் எட்டு வயதே ஆன நம் மகளின் பெயரும் வந்தது. தகப்பன் நான் இருக்கிறேன் என்று சொல்லப் போனேன். நம் சொல்லை மட்டும் யார் நம்புவார்கள்? அதனால் நம் பழைய எஜமான் டில்மன் துரையைக் கெஞ்சிச் சாட்சிக்கு அழைத்துப் போனேன்.

துரை நன்றாகவே சொன்னார். "இவன் பொய் பேச மாட்டான். எங்க முற்றத்துலதான் ரெண்டு பேரும் அடிமைங்க வழக்கப்படி துடைப்பத்தைத் தாண்டிக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. நானே பார்த்தேன்."

"பதிவு பண்ணீங்களா?" என்றார் நீதிபதி.

"அடிமைக்கு ஏதுங்க பதிவு?"

"அப்போ கல்யாணமே இல்ல. பிள்ளைக்குத் தகப்பனும் இல்ல. வளர்க்க நல்ல குடும்பத்துக்காரர் யாராச்சும் இருக்காங்களா?"

நல்ல குடும்பத்துக்காரர் என் பக்கத்திலேயே நின்றார். நீதிமன்றத்துக்குத் தேடும் சிரமம் இல்லாமல் போயிற்று. பதினெட்டு ஆகும்வரை பத்து வருஷம் பிள்ளை அவரிடமே; ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் போய்ப் பார்க்கலாமாம்.

வாசலில் டார்க்கஸ் கேட்டாள்: "பத்து வருஷத்துல எத்தனை ஞாயித்துக்கிழமைப்பா வரும்?" எனக்குக் கணக்கு வராது என்று சொல்லிவிட்டேன்.

நாளை முதல் நானும் துரையிடமே வேலைக்குப் போகிறேன். நம் பழைய குடிசை காலியாகத்தான் இருக்கிறது. சமையலுக்கு உன்னையும் கேட்டார். வா என்று நான் எழுதவில்லை.

நீதிபதி ஒப்பாவிட்டாலும்,
உன் கணவன்