ஏற்றத்தில் இழுக்காத வண்டி

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரேணுகாவுக்கு,

உன் வீட்டுக்காரன் பச்சையப்பன் எழுதுவது. வாரா வாரம் போனில் பேசுகிறவன் திடீரென்று கடிதம் போட்டால் நீ பயந்துபோவாய் என்று தெரியும். பயப்படாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. போன் செய்தால் துர்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். குக்கர் சத்தத்துக்கு மேலே மாப்பிள்ளை சௌக்கியமா மாமா என்கிறார், நிலா போனைப் பிடுங்கி தாத்தா தாத்தா என்று என்னென்னவோ கத்துகிறாள், அதற்குள் உனக்கு அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. இது நீ மட்டும் கேட்க வேண்டிய விஷயம். குழந்தை தூங்கும்போது தனியாக உட்கார்ந்து படி.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலை என் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது. காலையில் வடிக்கிற சோறே ராத்திரிக்கும் ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டு உண்ணாமலை குழம்பு கொண்டுவந்து வைப்பாள், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் மறந்துபோகிறேன். அவர்கள் தறி ஓடுகிற நாட்களில் பரவாயில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் ஓடாது. டிவியைப் போட்டுவிட்டு நான் பின்பக்கம் துணி துவைக்கிறேன்.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஒற்றைச் செருப்போடு நடந்துகொண்டிருந்தேன். பூக்காரம்மா கூப்பிட்டு, அண்ணே, ஒரு செருப்பு அங்கயே கீது பாருங்க என்ற பிறகுதான் குனிந்து பார்த்தேன். செருப்பு தளர்ந்துவிட்டது என்று குதிகாலில் வார் வைத்ததாகப் புதுசு வாங்கிக்கொண்டேன்.

இப்போது வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நம் ரெக்கவரி வண்டி கொஞ்ச காலமாகச் சரியாக இழுக்கவில்லை. ஒரே நாளில் படுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இது துளித்துளியாகக் குறைந்தது. காலியாகப் போனால் குறையே தெரியாது. மேலே ஒரு காரை ஏற்றிக்கொண்டு சேத்துப்பட்டு ரோட்டு மேட்டில் வந்தால், மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி இரண்டுக்கு வந்தது. அப்புறம் இரண்டிலும் முக்கியது. ஷேர் ஆட்டோக்காரன்கூட ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னான். நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டி, வயசாகிவிட்டது, தள்ளிவிட்டுடு என்று ஸ்டாண்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நீயும் இல்லை, வண்டியும் இல்லை என்றால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்?

நம் மெக்கானிக் நெடுஞ்செழியன் ஏர் பில்டரைக் கழற்றினான். உள்ளே அடை அடையாகப் பட்டுப் பஞ்சு. நூல் முறுக்குகிற ஷெட்டை ஒட்டித்தானே நிறுத்துகிறேன், அந்தத் தூசி முழுக்க இதற்குள் போயிருக்கிறது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி எனக்குச் சந்தோஷம். புதுசு போட்டதும் இரண்டு நாள் இழுத்த மாதிரி இருந்தது. இழுத்தது என் மனசு மட்டும்தான். டீசல் பில்டரை மாற்றினோம், டர்போ ஹோஸை மாற்றினோம், சைலன்சரைக் கழற்றி அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தோம். அவன் காலி வண்டியை ஓட்டிப் பார்த்து நல்லாத்தானே இருக்கு என்பான், நான் லோடு ஏற்றினதும் படுத்துக்கொள்ளும். பிரேக்கும் குறைகிறது என்று லைனிங் மாற்றச் சொன்னேன். பழையதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இது இன்னும் ஒரு வருஷம் வரும்ணே என்றான். அப்போதும் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

கடைசியில், லோடோடு சேர்ந்து போய்ப் பார்த்துவிடலாம் என்று அவனே சொன்னான். சேத்துப்பட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுபோன ஒரு காரை எடுத்துவரப் போனபோது கூடவே வந்தான். திரும்பி வரும்போது லேப்டாப்பை வண்டியில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். மேட்டில் வழக்கம்போல வண்டி திணறியது.

“அண்ணே, ஃபுல்லா மிதிங்க.”

“மிதிச்சிகினுதாம்பா இருக்கேன்.”

“இல்லண்ணே. பெடல் பாதிக்கு மேல போவலன்னு இதுல காட்டுது.”

ஓரம் கட்டச் சொன்னான். என் கால் ஆக்சிலேட்டர் மேல்தான் இருந்தது. அடிவரைக்கும் மிதித்திருக்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். அவன் குனிந்து, என் செருப்பின் மேல் கையை வைத்து அமுக்கினான். பெடல் இன்னும் அவ்வளவு தூரம் கீழே போனது. அவன் கை பட்டதுகூட எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு இடம் மாறி உட்கார்ந்தோம். அதே மேடு, மேலே அதே கார். வண்டி மூன்றாவது கியரில் சாதாரணமாக ஏறியது. என் வண்டியில் நான் இடது பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வண்டிக்கு ஒன்றும் இல்லை, ரேணுகா.

வேலூரில் டாக்டரைப் பார்த்தேன். சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறது, வலது கால் மோசம் என்றார். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தில் எதையோ வைத்துத் தொட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். ரொம்ப நேரம் ஆகிறதே என்று, எப்போ சார் தொடுவீங்க என்று கேட்டேன். எல்லா இடத்திலும் தொட்டாகிவிட்டது என்றார். செருப்பும் தளரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அதே கால்தான் பிரேக்கையும் மிதிக்கிறது. வண்டி நின்றுபோனவர்களை என் முன்சீட்டில்தானே ஏற்றி வருகிறேன். போன வாரம்கூட, பட்டு எடுக்க வந்த குடும்பத்தில் ஒரு பெண் நிலா வயசுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அது ஊர் வருகிற வரைக்கும் என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. சாவியை நெடுஞ்செழியனிடம் கொடுத்துவிட்டேன். ஆள் போட்டு ஓட்டிக்கொள்கிறேன் என்றிருக்கிறான். வண்டி வாசல் வழியாகப் போனால் சத்தத்தை வைத்தே தெரிகிறது, நன்றாக இழுக்கிறது.

டாக்டர் இன்னொன்று சொன்னார். இனி முள் குத்தினாலும் எனக்குத் தெரியாதாம். புண் வந்தால் கால் போகிற வரைக்கும் கொண்டுபோய் விடுமாம். தினமும் இரண்டு உள்ளங்காலையும் ஒருவர் பார்க்க வேண்டும், வீட்டில் யார் இருக்காங்க என்று கேட்டார். ஒய்ஃப் இருக்காங்க சார் என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது. இப்போது உன் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்கிறேன். தொப்பை குனிய விடமாட்டேன் என்கிறது. இடது கால் நன்றாகத் தெரிகிறது. வலது கால் பாதிதான் தெரிகிறது.

துர்காவிடம் சொல்லாதே. நீ இல்லாவிட்டால் அவள் ஆபீஸ் போக முடியாது, நிலா வேறு யாரிடமும் நிற்காது, எல்லாம் எனக்குத் தெரியும். மூன்று மாதம் என்று போனவள், இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஒரு தடவையும் நான் வா என்று சொன்னதில்லை. அதனால் எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருப்பாய். பழகவில்லை.

அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். வரும்போது உங்க ஒய்ஃபையும் கூட்டிகினு வாங்க, காலை எப்படிப் பாக்கணும்னு அவங்களுக்குச் சொல்லித் தரேன் என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

துர்காவும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும். நிலாவுக்கு என் முத்தம். என்றைக்கு ரயில் என்று மட்டும் சொல். வண்டியில் வந்து உன்னை அழைத்துப்போக முடியாது. வார் வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு காட்பாடி பிளாட்பாரத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன்
பச்சையப்பன்